சத்தமில்லாத சம்பந்திப் பேச்சு

திரையில் சம்பந்தி சாரநாதனின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. பத்ரிநாராயணன் விசைப்பலகையில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினார். பட்டை நூறுவரை ஏறியது. ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

காமிராவுக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்த மகன் சுஹாஸ், மௌஸை இழுத்து எதை எதையோ திறந்து மூடினான். தன் போனில் ஒரு வரி அடித்து அப்பாவிடம் நீட்டினான். கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், போனில் பேசிக்கொள்ளலாம். பத்ரிநாராயணன் புறங்கையால் போனைத் தள்ளினார்.

எப்படிச் சொல்வது? பெண் பார்க்க மெல்போர்னிலிருந்து மயிலாப்பூருக்கு வந்தவர்களிடம், கம்ப்யூட்டருக்குத் திருட்டு விண்டோஸ் எங்காத்துப் படி ஏறாது, இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸ்தான் என்று நிமிர்ந்து சொன்னவர் அவர். "அதுல சவுண்டெல்லாம் வருமோ?" என்று சாரநாதன் அன்றைக்கே சிரித்தார்.

இன்றைய பேச்சு மண்டபத்தைப் பற்றியது. மூன்று தலைமுறையாக இந்த வீட்டுப் பெண்களுக்குக் மயிலாப்பூர் கேசவப் பெருமாள் கோயிலை ஒட்டிய மண்டபத்தில்தான் கல்யாணம். மகள் வர்ஷினிக்கும் அங்கேதான். தம் முறை வந்ததும் அதைச் சொல்லக் காத்திருந்தார். அதுவரை சாரநாதன் சிரித்தால் இவரும் சிரித்தார்.

சாரநாதன் திடீரென்று இரண்டு கைகளையும் கூப்பினார். ஏதோ கேட்கிறார். சம்பந்தி கைகூப்பிக் கேட்கும்போது மரம் மாதிரி உட்கார்ந்திருப்பது மரியாதையா? பத்ரிநாராயணனும் கைகூப்பி, நன்றாகத் தலையாட்டினார்.

சுஹாஸ் அதற்குள் கோளாறைப் பிடித்துவிட்டான். புது மானிட்டர் மாட்டியதிலிருந்து ஒலி அதற்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஸ்பீக்கரே கிடையாது. அப்பா ஏற்றியதெல்லாம் அதன் அளவைத்தான். ஸ்பீக்கருக்கு மாற்றினான். அப்போதும் மௌனம். கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலில், ஒலி அளவுகளைக் காட்டும் ஒலிக்கலவையைத் திறந்தான். ஸ்பீக்கர் பட்டையின் அடியில் எம் எம் என்று இரண்டு எழுத்து, ம்யூட் என்னும் வாயடைப்புக்கு அடையாளம். எம் விசையைத் தட்டினான்.

"...உங்களுக்குப் பெரிய மனசு," என்று சாரநாதனின் குரல் அறையை அதிரவைத்தது. "மயிலாப்பூரை விட்டுத் தர மாட்டேள்னு பயந்துண்டே கேட்டேன். கொட்டிவாக்கத்துல, கடலைப் பார்த்த மண்டபத்துலயே வெச்சுக்கலாம்னு உடனே தலையாட்டிட்டேள்."

சுஹாஸ் சட்டென்று மைக்கை அணைத்தான். "அப்பா, சவுண்ட் வரலைன்னு இப்பவாவது சொல்லிடலாம். தப்பு கம்ப்யூட்டரோடதுதானே."

பத்ரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தலையாட்டினது நான்டா. கம்ப்யூட்டர் இல்லை. மைக்கைப் போடு."

போட்டான்.

"கடல் காத்துல ஹோமத்து அக்னி அணையப்படாது," என்றார் திரையைப் பார்த்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு. "அதுக்கு அங்க என்ன ஏற்பாடு? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ, சம்பந்தி."