காருக்குப் போட்ட பனியன்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த பொங்கியண்ணனுக்கு, 2006ஆம் வருஷக் கோடையில், நூல் விலையைவிடப் பெரிய கவலை அவருடைய கார். ஒர்க் ஷாப்பில் நிற்கும்போது பரம சாது. ரோட்டில் ஏறினாலோ எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போய்விடும்.

போன வெள்ளிக்கிழமை மகன் சுரேந்தருக்குப் பெண் பார்க்கச் சாமளாபுரம் கிளம்பியவர்கள், மங்கலம் தாண்டியதும் கார் ஆவி கக்கி நின்றதால் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா பெருமாள்சாமி விசைத்தறிக்காரர். பல்லி கத்தினால்கூடப் பஞ்சாங்கம் புரட்டுகிறவர். "இன்னொருக்கா வாங்க. அப்பவும் வழியில நின்னுபோச்சுன்னா, சாமிக்கே இஷ்டமில்லைன்னு வுட்டர்லாமுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். சுரேந்தரோ பெண் யாழினியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. முப்பத்திரண்டு வயதுப் பையன், பாவம்.

"வாடகைக் கார்ல போனா என்னங்க?" என்று கேட்டாள் மனைவி சாரதாமணி.

"போலாம். கம்பெனி முழுகிப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசட்டும்!"

மெக்கானிக் முனீஸ் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டர் மூடியை மாற்றினார், வாட்டர் பம்பையும் மாற்றினார். வெகுநேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். முள் நடுவிலேயே நின்றது.

"மொதலாளி, வண்டிக்கு ஒரு நோக்காடும் இல்ல. நீங்க ஓட்டுததுலதான் கோளாறு. மறுபடி முள் ஏறுச்சுன்னா ஹீட்டர முழுசாப் போட்டு விடுங்க. எஞ்சின் சூட்டுல பாதி உள்ள வந்துரும்" என்றார்.

முனீஸைக் குற்றம் சொல்ல முடியாது. டாக்டரிடம் போகும்போது வியாதியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் டாக்டர் என்ன செய்வார்? நிட்டிங் ஷெட்டில் பறக்கிற பஞ்சு ரேடியேட்டரில் அடைக்கக் கூடாதென்று, பொங்கியண்ணன் மிச்சப் பனியன் துணியில் எலாஸ்டிக் வைத்து ஓர் உறை தைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியிருந்தார். ஒர்க் ஷாப்புக்குப் போகுமுன் அதைக் கழற்றி டிக்கியில் ஒளித்துவிடுவார். திரும்பி வந்ததும் மாட்டிவிடுவார். ஏனென்றால் அது சாம்பிள். ஊருக்கெல்லாம் தைத்து விற்கப்போகிற சரக்கு. திருப்பூரில் காலையில் தைத்த சாம்பிள் சாயங்காலம் பக்கத்துக் கம்பெனியில் தொங்கும். இவர் முனீஸிடம் காட்டுவாரா?

அந்த உறைமேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மனுஷன் உடம்பையே குளுகுளுவென்று வைக்கிற துணி, ரேடியேட்டரையா சுடப்போகிறது? பஞ்சைத் தடுக்கத் தைத்த துணியில் பஞ்சு மெத்தையாக அப்பிக்கொண்டிருந்ததை அவர் குனிந்து பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மங்கலத்தில் முள் ஏறியது. சுரேந்தர் ஹீட்டரைத் திருகினான். வைகாசி வெயில், பட்டுப்புடவை, அதற்குமேல் அடுப்பு மாதிரி ஹீட்டர்! சாரதாமணியின் குங்குமம் மூக்குவரை இறங்கிவிட்டது. "கருமாண்டம்மா, காரைக் கொண்டுபோய்ச் சேத்துரு" என்று வேண்டிக்கொண்டே வந்தாள்.

பெண் வீட்டு கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே வந்து முள் சிவப்பைத் தொட, சுரேந்தர் பயந்து பிரேக் போட்டான். பெருமாள்சாமி எதிரே நடந்து வந்தார்.

"நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க!" பொங்கியண்ணன் குதித்து இறங்கினார். "எஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்குதுங்க. சத்தத்தக் கேளுங்க!"

"அப்ப உள்ள வாங்க."

"வர்றமுங்க. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க."

பெருமாள்சாமி முன்பக்கமாகக் குனியப் போனார். பொங்கியண்ணன் சட்டென்று குறுக்கே போய் வேட்டியை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

சுரேந்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "அப்பா, முள்ளு மேல போயிட்டே இருக்குது. அதக் கழட்டிரலாமுங்கப்பா."

"எதைங்க தம்பி?" என்றார் பெருமாள்சாமி.

"ஒன்னுமில்லீங்க! நீ வாய மூடுடா!"

அவ்வளவுதான், சாரதாமணிக்குப் பொறுமை போய்விட்டது. காரைவிட்டு இறங்கி நடுத்தெருவிலேயே கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு மருமவ வேணுமா, அந்தக் கோவணத்துண்டு வேணுமா?"

பொங்கியண்ணன் மனைவியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து, அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். அவருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. ஊரே பார்த்துக் காப்பியடித்தாலும் அடிக்கட்டும் என்று குனிந்து உறையை உருவி எடுத்தார். கூடவே ஒரு தலையணைப் பஞ்சு உதிர்ந்தது.

எஞ்சினை ஓடவிட்டே காத்திருந்தார்கள். முள் மெல்ல அசைந்து கீழே இறங்க ஆரம்பித்தது.

"ஆத்தாடி, இத்தன பஞ்சா! என்னங்க இது?" என்றார் பெருமாள்சாமி.

பொங்கியண்ணன் உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சாம்பிளுங்க. வெளியாளுங்களுக்குக் காட்டறதில்லீங்க."

"நான்தான் பாத்துட்டனே?"

"சம்பந்தி எப்படிங்க வெளியாளு ஆவாரு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை. பூ வைக்கவில்லை, பேசி முடிக்கவில்லை. நடுத்தெருவில், பஞ்சு பறக்க, அதற்குள் சம்பந்தியாம்! பெருமாள்சாமி முகம் இறுகிவிட்டது. சாரதாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது கேட்டுக்கு உள்ளிருந்து அடக்க மாட்டாத சிரிப்பு ஒன்று கேட்டது. யாழினிதான். சுரேந்தர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பெருமாள்சாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தவும் இல்லை, உள்ளே ஓடவும் இல்லை.

பெருமாள்சாமி கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். "வண்டிய உள்ள வுடச் சொல்லுங்க, சம்பந்தி" என்றார்.