ரமணிக்கு ஒரு தோடு

"தம்பி, இது எறங்க மாட்டேங்குதுப்பா," என்று உள்ளேயிருந்து இராஜம்மா குரல் கொடுத்தார்.

வாசலில் போட்டிருந்த வாடகைக் கூடாரத்தின் கீழே நாற்காலிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த புவனேசன், கையிலிருந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். கூடத்தின் நடுவே பெட்டிக்குள் அவர் மனைவி ரமணி படுத்திருந்தாள். குளிப்பாட்டிக் கூறைச் சேலை கட்டியாயிற்று. நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூவும் வைத்தாயிற்று. காது மட்டும் வெறுமையாக இருந்தது. அவருடைய அக்காள் இராஜம்மா குனிந்து, ஏழுகல் தோடு ஒன்றை அந்தக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"தொளை தூந்துபோச்சா அக்கா?"

"தூந்தும் போச்சு, காதும் வீங்கிக் கெடக்கு. இருவத்திமூணு நாளா மூளியா வுட்டா வேற என்னா ஆவும்?"

குத்திக் காட்டுவதற்காக அக்காள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் புவனேசனுக்குச் சுருக்கென்றது. அந்தத் தோட்டைக் கழற்றியது அவருடைய இதே கைதான்.

புருஷன் உயிரோடு இருக்கும்போது பெண்பிள்ளை வெறுங்காதோடு இருக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் சட்டம் மாதிரி. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில், தங்கம் இல்லாத நாளில் ரமணி ஒரு வேப்பங்குச்சியைக் கிள்ளியாவது காதில் செருகிக்கொள்வாள். புருஷனுக்கு ஆகாதாம். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சும்மா போவாளா? நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலோடு நின்றுகொண்டு, "நாலு பேரு பாப்பாங்க," என்று ஏழுகல் தோட்டை மாட்டிக்கொண்டாள். அங்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார் தாதி. ரமணி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். புவனேசன்தான் அதட்டினார்.

"அர மணி நேரம்தானே! வெளிய வந்ததும் நானே போட்டுவுடுறேன். தலைய ஆட்டாம இரு."

வெளியே வந்தவளை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாயில் குழாய். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தினமும் மாலையில் சட்டைப் பைக்குள் தோட்டை வைத்துக்கொண்டு அவர் போவார். பேச முடியாதவள் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டுவாள். அவர் தாதியிடம் கேட்பார். அந்த மலாய்ப் பெண்ணும் பாவம், கோபப்படாமல், "தாக் போலே, பாச்சிக்," என்று, கூடாது மாமா என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள். பத்து நாளைக்குப் பிறகு ரமணி கையைத் தூக்குவதையும் விட்டுவிட்டாள். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் அவள் கடைசி வரைக்கும் பயந்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்லுக்குண்டாக நிற்கிறார். அவள்தான் போய்விட்டாள்.

"அண்ணே," என்று வாசலிலிருந்து சோமு எட்டிப் பார்த்தான். பெட்டி, வண்டி, பூ எல்லாம் அவனுடைய பொறுப்பு. "ரெண்டு மணிக்கு எடுத்தாவணும். மின்சுடலைல மூணு மணிதான் நமக்கு. வுட்டா நாளைக்குத்தான் லா."

மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கெல்லாம் ரவாங் தொழிற்சாலையிலிருந்து ரமணியோடு வேலை செய்த பெண்கள் வந்துவிடுவார்கள்.

"தனுஜா எங்க? அவள கூப்புடு. அவ வேலையே இதுதானே," என்றார் இராஜம்மா.

மகள் தனுஜா அறைக்குள்ளிருந்து நகைப் பெட்டியோடு வந்தாள். ரவாங்கில் ஒரு நகைக்கடையில் ஆறு வருடமாகக் காதணிப் பிரிவில் நிற்கிறாள். அவளிடம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போன பெண் கிடையாது என்று முதலாளியே சொல்வாராம். கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். வட்ட முகமா, தொங்கட்டான் போடுங்கள், முகம் நீளமாகத் தெரியும். நீள முகமா, காதோடு ஒட்டின தோடு. தாடை அகலமா, வளையம் வேண்டாம். காதுச் சோணை இறங்கினவர்களுக்குக் கனமே ஆகாது. கழுத்து குட்டையாக இருப்பவர்கள் ஜிமிக்கியை ஆசைப்பட்டுப் பார்க்கலாம், வாங்கக் கூடாது. வீட்டில் சோறு தின்னும்போதுகூட இந்தப் பாடம் நடக்கும். ரமணி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் தன் இஷ்டத்துக்குத்தான் போடுவாள்.

தனுஜா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாயில் எடுத்து வைத்தாள். முத்து வைத்த ஜிமிக்கி. பச்சைக்கல் தொங்கட்டான். மெல்லிய தங்க வளையம். பத்துமலைக்குப் போகும்போது போடும் மாங்காய்த் தோடு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா, எதுன்னு சொல்லு."

"தெரியல அத்த. கஸ்டமர் வந்தா ரெண்டு செகண்ட்ல சொல்லிருவேன். அம்மாவுக்கு வட்ட முகம். இப்ப பாத்தா வீங்கி, இழுத்து, எந்த முகம்னே தெரியலப்பா."

புவனேசனும் பார்த்தார். உண்மைதான். இருபத்தேழு வருடம் பார்த்த முகத்தை அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

இராஜம்மா விடவில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டு, ஒரு ஈர்க்குச்சியின் முனையால் துளையைத் தடவிப் பார்த்தார். முன்பக்கம் கொஞ்சம் இறங்கியது, பின்பக்கம் வரவில்லை. மாங்காய்த் தோட்டின் தண்டு இன்னும் பருமன். ஜிமிக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டால் காதே கிழிந்துவிடும்போல இருந்தது.

"இந்த வளையம் மட்டுந்தான் போவும் அத்த. கம்பி ரொம்ப மெல்லிசு," என்றாள் தனுஜா.

"வளையமா? சின்னப் பொண்ணா அவ? சுமங்கலிக்குத் தோடு போட்டுத்தான் அனுப்பணும். நாளைக்கு ஊரே கேக்கும்."

"அப்ப ஒட்டுற டைப் இருக்கு அத்த. தொளையே வேணாம், பின்னால காந்தம். நான் கடைக்கு போன் பண்ணா ஒன் அவர்ல கொண்டாந்துருவாங்க. பாக்க அப்படியே தோடு மாதிரிதான்."

"பாக்குறவங்களுக்கா போடுறோம்? செத்தவளையும் ஏமாத்தச் சொல்றியாடி?"

"ஏமாத்துறேன்னு யாரு சொன்னா? அவுங்க காத இப்படிப் போட்டு குத்தாதீங்கன்னுதான் சொல்றேன்!"

தனுஜா அழத் தொடங்கினாள். இராஜம்மாவும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பேசி வைத்ததுபோல இருவரும் ஒரே நேரத்தில் புவனேசனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு தம்பி. ஒன் பொண்டாட்டி. அவளுக்கு எது புடிக்கும்?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல. கல்யாணமோ கோயிலோ, எங்கே கிளம்பினாலும் ரமணி இரண்டு காதிலும் இரண்டு விதமாக மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "இதுவா, அதுவா?" அவர் சாவியைத் தேடிக்கொண்டே, "எதையாச்சும் மாட்டிக்கிட்டு வா லா, நேரமாச்சு," என்பார். நல்ல மனநிலையில் இருந்தால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்பார், தலையைத் தூக்காமல். அவளும் சிரித்துக்கொண்டு போய்த் தானே முடிவு செய்துகொள்வாள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து ஒன்றைச் சொல்லியிருக்கலாம். என்ன குறைந்து போயிருக்கும்? பாயில் கிடந்த ஐந்து ஜோடியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். எதைப் போட்டால் அவள் எப்படி இருப்பாள் என்று ஒன்றுகூட நினைவில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்திருந்தாலாவது தேவலை, அதுவும் வரவில்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று கண்ணை மூடினார். ரமணி வந்தாள். ஆனால் கோயிலில் இல்லை, கல்யாண வீட்டில் இல்லை. அவருடைய பேருந்தில் இருந்தாள்.

புவனேசன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். கலும்பாங்கில் அவர் வண்டியை எடுக்கும்போதே முதல் ஆளாக ஏறி முதல் இருக்கையில் உட்காருகிறவள் ரமணி. கையுறைத் தொழிற்சாலையில் தொங்குகிற நகை எதுவும் ஆகாது, காதோடு ஒட்டின பொட்டுத்தோடு மட்டும் போடலாம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அந்தப் பொட்டுத்தோட்டைக் கழற்றி, தொலையாமல் இருக்கச் சீருடைக் கழுத்துப்பட்டையிலேயே குத்தித் திருகி வைத்துவிடுவாள். திங்கட்கிழமை காலையில் அவசரத்தில் அப்படியே சீருடையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, பேருந்தில் உட்கார்ந்துதான் மாட்டுவாள். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அது தெரியும். தலையை ஒருபக்கம் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பள்ளத்தில் வண்டி குலுங்கினால், "மெதுவா போங்களேன், கண்ணக் குத்திக்கவா?" என்று அவரைத் திட்டிக்கொண்டு மாட்டுவாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்த்திருக்கிறார். பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்திருக்கிறார்.

அவர் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் நீலச் சீருடை தொங்கியது. காய்ச்சலோடு வந்து கழற்றிப் போட்டது, துவைக்கவில்லை. கழுத்துப்பட்டையில் இரண்டு சின்னப் பொட்டுகள் இருந்தன. ஒன்றில் கல் விழுந்திருந்தது. சீருடையிலிருந்து ரப்பர்ப் பவுடரும் அவள் வேர்வையும் கலந்த வாடை வந்தது. அவர் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

வெளியே வந்து கையை விரித்தார்.

"இது."

இராஜம்மா எட்டிப் பார்த்தார். "என்னாப்பா இது? வேலைக்குப் போடுறது. கல்லு வேற வுழுந்து கெடக்கு. கூறைச் சேலைக்கு இதையா போடுறது?"

"இதான் அக்கா."

"ஊரு ஒலகம் என்னா சொல்லும்?"

"சொல்லட்டும். இதான் போடணும்."

தனுஜா ஒன்றை எடுத்துத் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடையில் நிற்பவளின் கண் அவளுக்கு மெல்லத் திரும்பியது. "மெல்லிசா இருக்கு அத்த. தேஞ்சு போயிருக்கு. போவும்."

எண்ணெய் தொட்டு இடது காதில் வைத்தாள். ஒரு விரலைப் பின்னால் கொடுத்து, லேசாகத் திருப்பித் திருப்பி அழுத்தினாள். தோல் பிதுங்கியது.

"மெதுவா பாப்பா, அவளுக்கு வலிக்கும்," என்றார் புவனேசன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. யாரும் அதைத் திருத்தவில்லை. தனுஜா, "சரிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் மெதுவாக அழுத்தினாள். பின்பக்கம் தண்டின் முனை வெளியே வந்தது. இராஜம்மா, "முருகா," என்றார். திருகாணியை மாட்டியது அவர்தான். வலது காதுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆனது. கல் விழுந்தது அந்தப் பக்கம்.

தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்று, ஒருத்தி, "வேலைக்கு வர்ற மாதிரியே இருக்கா பாரு," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு யாராலும் அழுகையை அடக்க முடியவில்லை. புவனேசனும் அழுதார்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தனுஜாவும் இராஜம்மாவும் வாசலோடு நின்றுவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. மகன் இல்லாததால் காரியம் செய்யப் புவனேசனே வேட்டியோடு வண்டியில் ஏறினார். சாலையோரத்துச் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மின்சுடலையில் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், அங்கே வேலை செய்பவர் கையுறையோடு வந்து பெட்டிக்குள் பார்த்தார். தாலிப் பொட்டை வீட்டிலேயே எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றை மட்டும் விட்டிருந்தார்கள்.

"காதுல ஏதோ இருக்கே அண்ணே. தங்கமா? உள்ள போச்சுன்னா திரும்ப வராது."

"தோட மறந்துட்டோமே," என்றான் சோமு. "கழட்டிக் குடுங்கண்ணே. தனுஜா ஞாபகமா வச்சிக்கும்."

புவனேசன் குனிந்தார். ரமணியின் இடது காதுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துத் திருகாணியைப் பிடித்தார். எண்ணெய் ஊறியிருந்ததால் அது தொட்டதும் சுழன்றது. இன்னும் ஒரு சுற்று சுற்றினால் கையோடு வந்துவிடும்.

அவர் அதைத் திருப்பி இறுக்கினார்.

"வரலப்பா," என்றார்.

"தள்ளுங்கண்ணே, நான் பாக்குறேன்."

"வேணாம் சோமு. இறுகிப்போச்சு. இழுத்தா காது கிழிஞ்சிரும்."

சோமு அவர் முகத்தைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். புவனேசன் பெட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், வலது காதிலும் விரலைக் கொடுத்து, முடிந்த மட்டும் திருகினார்.

"இதுவும் வரல."

எண்ணெய் பட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவர்கள் பெட்டியைத் தள்ளுவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.