நாற்பத்திரண்டாவது டேக்

காலை ஐந்தரைக்கெல்லாம் எங்கள் முகத்தில் பொட்டு ஒட்டியாக வேண்டும். நெற்றியில் அல்ல. உதட்டைச் சுற்றி, கன்னத்தில், தாடையில், முப்பது கறுப்புப் பொட்டு. பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மூச்சிரைக்க ஓடிவருகிற முகத்தில் அது லேசில் ஒட்டாது. துடைத்து ஒட்டி, மறுபடி துடைத்து ஒட்டி, விடிவதற்குள் தோல் எரிய ஆரம்பித்துவிடும்.

அதியன்னூரில், ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடிதான் எங்கள் ஸ்டுடியோ. வெளிநாட்டுத் தொடர்கள் இங்கே வந்துதான் தமிழும் மலையாளமும் பேசும். குரல் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வரும். வாய் எங்களுடையது. ஹெட்போனில் அந்தக் குரலைக் கேட்டபடி, சத்தமில்லாமல், அதே வேகத்தில் வாயை அசைக்க வேண்டும். கேமரா பொட்டுகளின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் அதைத் துருக்கி நாட்டு நடிகையின் முகத்தில் கொண்டுபோய்ப் பொருத்தும். பிறகு நொடிக்கு இருபத்துநாலு படம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, உதடு சரியாக மூடித் திறக்கிறதா என்று நாங்களே திருத்துவோம். வீட்டில் பார்க்கிறவர்கள் தமிழிலேயே நடித்தது போல இருக்கிறது என்பார்கள். அந்த வாய் யாருடையது என்று கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

தமிழ்நாடு-கேரள எல்லைக்காரர்கள் என்பதால்தான் எங்களை எடுத்தார்கள். இரண்டு பாஷையும் ஒரே ஆளிடம், ஒரே சம்பளத்தில் கிடைக்கிறது. முதலாளி ராஜதாஸ் இதை எங்கள் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்.

வெளியாகாத தொடர், ரகசியம் என்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே நுழையும்போது போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். கதவைத் திறக்கிற கார்டு ராஜதாஸின் கழுத்தில் தொங்கும். மூன்று வருட ஒப்பந்தம். அதுவரை எங்கள் அசல் சர்ட்டிபிகேட்டுகள் அவருடைய பீரோவில் இருக்கும். வேறு வேலைக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். எதைக் காட்டிப் போவது?

அன்று நாற்காலியில் இருந்தவள் பிரேமகுமாரி அக்கா. பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுட்டோரியலில் பத்து வருடம் பாடம் நடத்தி, அது மூடியபின் இங்கே வந்தவள். முன்பு மணப்பெண்ணை அலங்கரித்த அறையில்தான் கேமரா. தலை ஆடாமலிருக்க நெற்றியில் ஒரு பட்டை கட்டி நாற்காலியோடு இறுக்கிவிடுவார்கள். குழந்தையைப் பறிகொடுக்கிற தாய், வேண்டாம் வேண்டாம் என்று அலறுகிற காட்சி.

எங்கள் வாயில் அது வேண்டா தான். பிறந்தது முதல் அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். கடைசியில் உதடு மூடாது. சென்னைக் குரல் மூடி முடிக்கும்போது நடிகையின் வாய் திறந்தே கிடந்தது என்று முந்தின நாள்தான் அந்தப் பகுதி திரும்பி வந்திருந்தது. ராஜதாஸ் அக்காவின் எதிரிலேயே வந்து நின்றார்.

"வாயை மூடி முடி பிரேமா. பொறவும் தொறந்துல்லா நிக்குது. திருப்பிச் செய்யி."

அலறுவதற்கு வாயை முழுக்கத் திறக்க வேண்டும், முடிக்கும்போது மூட வேண்டும். இருபது தடவை செய்தாள். முப்பது தடவை செய்தாள். "சாரே, தாடை வலிக்குது" என்றாள். "இன்னும் ரெண்டே ரெண்டு" என்றார் அவர்.

நாற்பத்திரண்டாவது டேக்கில் அக்கா வாயைத் திறந்தாள். அது மூடவில்லை.

நான் பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பொட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. எச்சில் வழிந்தது. கண்ணிலிருந்து நீரும் வழிந்தது. தாடை மூட்டு கழன்றுவிட்டது என்று புரிந்ததும் ஓடிப்போய்ப் பட்டையை அவிழ்த்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே அவள் வலி எவ்வளவு என்று தெரிந்தது.

அனில் எழுந்தான். எங்களில் அவன்தான் கொஞ்சம் துணிந்து பேசுவான்.

"சாரே, கதவைத் தொறங்க. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"பத்து மணிக்கு இந்தப் பகுதியை அனுப்பணும்லே அனிலே. இவ போனா தொணைக்குன்னு ரெண்டு பேரு போவீங்க. அப்போ வேலையை முடிக்கியது ஆரு? பைய தடவிக் குடுங்க, தானே ஏறும்."

"மனுசி துடிக்கியது தெரியேல்லியா?"

"முடிச்சிட்டு நானே கார்ல கொண்டு விடுதேன். போய் இரு."

அனில் நின்றான். பிறகு உட்கார்ந்தான். கார்டு அந்த ஒரு கழுத்தில் தொங்கியது, நாங்கள் பதினோரு பேர் இருந்தோம், ஆனாலும் உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம். ஒரு கையால் அக்காவின் எச்சிலைத் துடைத்துக்கொண்டே மறு கையால் நான் படங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலிருந்தால் இன்னும் வெட்கம்.

ஆஸ்பத்திரியில் தாடையை ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் வாயை அகலத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர்.

மறுநாள் விடியற்காலையில், போனை வாங்குவதற்கு முன்பே, ராஜதாஸ் வாசல் மேசையில் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். இதுவரை பதிவான எங்கள் வாயசைவெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். மெஷின் அதைக் கற்றுக்கொள்ளும், எந்தப் படத்துக்கும் எந்தக் காலத்துக்கும் பயன்படுத்தும். அதற்கு நாங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்களுக்காக்கும் இது. இனி ஆருக்கும் தாடை நோவாது. மெஷின் பாத்துக்கிடும்."

"மெஷின் படிச்ச பொறவு நாங்க என்ன செய்ய?" என்றேன்.

"அது அப்போ பாப்போம் ஷிஜா. ஒப்பிடாதவங்க சர்ட்டிபிகேட்டை நெய்யாற்றின்கரை கோர்ட்டுல போய்க் கேட்டு வாங்கிக்கிடுங்க."

அப்போதுதான் பிரேமகுமாரி அக்கா படியேறி வந்தாள். தலையிலிருந்து தாடை வரை வெள்ளைக் கட்டு. அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை. ராஜதாஸ் மட்டும் பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"நல்ல நேரத்துல வந்தே. நீ வீட்டுல கெடந்து ரெஸ்ட் எடு. உனக்க வாய் இங்க வேலை செய்யும்."

அக்கா காகிதத்தை முழுசாகப் படித்தாள், ஆசிரியை அல்லவா. பேனாவை வாங்கி மூடியைப் போட்டு மேசையில் வைத்தாள். திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே அனில் போனான். என் கால் நகரவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பி.காம் வரை நான் படித்ததெல்லாம் அந்தப் பீரோவுக்குள் இருந்தது. ஆனால் நேற்று அவள் பிடித்த இடம் கையில் இன்னும் வலித்தது. நானும் போனேன். ஒவ்வொருவராக எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ராஜதாஸ் கத்தவில்லை. "இருங்க. நல்லா வெயில் காயுங்க. உச்சைக்கு ஒரு மணிக்கு ரெண்டாம் ஷிப்ட் வரும். அவங்க ஒப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் பன்னிரண்டு பேர். ஒரு வருடமாக ஒரே நாற்காலியில் மாறிமாறி உட்காருகிறோம், ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நாங்கள் முன்வாசலில் இறங்கும்போது அவர்களைச் சமையல்கட்டுப் படி வழியாக ஏற்றுவார்கள். கழற்றி நாற்காலிக் கைப்பிடியில் ஒட்டிவிட்டுப் போகிற பொட்டுகளைத் தவிர, அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"அப்போ பின்பக்கம் போய் இருப்போம்" என்றான் அனில்.

போய் உட்கார்ந்தோம். குறுகலான படி. தண்ணீர்கூட இல்லை. அக்கா ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கொண்டுவந்திருந்த கஞ்சித் தண்ணீரும் தீர்ந்துபோனது. இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றார்கள். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். படியை அடைத்துக்கொண்டு நாங்கள் இருப்பதைக் கண்டு நின்றார்கள். முன்னால் நின்ற பெண்ணின் அடையாள அட்டையில் லிஷா என்றிருந்தது. அவள் கட்டைப் பார்த்தாள்.

"நேத்து தாடை கழண்டதா கேட்டோம். இவங்களுக்காக்கும்?"

"ஆமா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைச் சொன்னேன். நாற்பது நிமிடம் சும்மா இருந்ததையும் மறைக்கவில்லை.

மேலே கதவு திறந்தது. ஏசி குளிர் படியில் இறங்கி வந்தது. ராஜதாஸ் கார்டைப் பிடித்தபடி நின்றார்.

"லிஷா, நேரமாச்சு. அவங்களைத் தாண்டிக் கேறி வா. உங்க எல்லாருக்கும் சம்பளம் கூட்டித் தாறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாரே, எனக்க அப்பன் கடலுக்குப் போற ஆளு. வலையில ஒருத்தனுக்க கை மாட்டினா, மொதல்ல எஞ்சினை நிறுத்துவாங்க. மீனு பொறவுதான். நீங்க நாப்பது நிமிசம் ஓட்டியிருக்கீங்க."

"அது வேற, இது வேற."

"கை வேற, வாய் வேற. அம்புட்டுதான்."

பிறகு எங்களிடம் திரும்பி, "கொஞ்சம் நீங்கி இரிங்க, அக்கா. எங்களுக்கும் எடம் வேணும்" என்றாள்.

மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எங்கள் சர்ட்டிபிகேட்டுகளும் அவர்களுடையவையும் அந்தப் பக்கம்தான் இருந்தன. நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பிரேமகுமாரி அக்கா சுவரோரம் ஒதுங்கினாள், லிஷா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். இருபத்துமூன்று பேருக்கு அந்தப் படி போதவில்லை. மிச்சமிருந்தவர்கள் முற்றத்து மண்ணில் உட்கார்ந்தார்கள்.