உஷாந்தி விட்ட இடம்

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். அரைகுறை வேலையைக் கண்டால் என் கை சும்மா இராது. பாழாய்ப்போன கை.

என் மகள் உஷாந்திக்கு மூன்றாவது கீமோ முடிந்திருந்த நேரம். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில், ஹோல் தரையில் இருந்தபடியே பெரிய கன்வஸ் ஒன்றில் வரைந்துகொண்டிருந்தாள். அமெரிக்காவின் வறண்ட பக்கத்தில் பியூப்லோ என்று ஆதிக்குடிகள் இருக்கிறார்களாம். அவர்களுடைய மண்பானைகளில் மேகம் படிப்படியாக ஏறும், மழை மெல்லிய கோடுகளாக இறங்கும். அதைப் பார்த்துத்தான் தொடங்கினாள். அப்படியே எடுத்துப் போடுவது களவு என்று சொல்லி, மேகத்துக்குக் கீழே எங்கள் கடலையும் தண்டவாளத்தையும் வரைந்தாள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். மே மாதம் கொம்பனித்தெருவில் கண்காட்சி. அதுவரைக்கும் அவள் இருந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதமாக நின்றோம்.

ஒருநாள் அவள் மருந்துக் களைப்பில் படுத்திருக்க, அந்த வட்டத்தில் ஒரு விரலகலத்துக்குக் கோடு இல்லாததைக் கண்டேன். பாவம், பிள்ளைக்குக் கை நடுங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். தூரிகையை எடுத்துக் கோட்டைச் சேர்த்துவிட்டேன். எனக்குப் பெருமை வேறு.

எழும்பி வந்தவள் அந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வடிவா வந்திருக்கு அம்மா,” என்றாள்.

ஏப்ரல் கடைசியில் போய்விட்டாள்.

கண்காட்சியில் அவளுடைய சிநேகிதி ஷிஹாராவுக்கு அந்த இடத்தைக் காட்டி, இது என் கைவேலை என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நான் விடவில்லை, கேட்டுத் துளைத்தேன். அந்தப் பியூப்லோக் குயவர்களில் சிலர் வட்டத்தை முழுதாக மூடமாட்டார்களாம். வரைகிறவளின் உயிர் அடைபடாமல் இருக்க வழி விடுவதாம். மூடினால் அவளுடைய ஆயுளும் அதோடு சரி என்று சொல்கிறவர்களும் உண்டாம். உஷாந்தி தெரிந்துதான் விட்டிருக்கிறாள்.

“அதுக்கு மேல வெள்ளய அடிச்சிவிடு, ரெண்டு நிமிஷ வேல எண்டு சொன்னேன் ஆன்ட்டி,” என்றாள் ஷிஹாரா. “உஷாந்திதான், அம்மாக்கு வெளங்கிடும், அவ தாங்கமாட்டா எண்டு சொன்னா.”

இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. அவள் நம்பினாளோ, தெரியாது. ஆனால் போகும்வரைக்கும் பத்தொன்பது நாள் அந்த மூடின வட்டத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, ஒரு சொல் சொல்லாமல், என் கையாலேயே சோறு வாங்கித் தின்றாள் என் பிள்ளை.