பிடி

“அண்ணே, கையைக் காட்டு.”

இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அண்ணன் கையை மட்டும் பார்க்கக் கேட்காதே, காய்ப்பைப் பார்த்தால் கூச்சப்படுவான் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ‘வாயாடி’ என்று பெயரெடுத்த தங்கை இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்ததே அதிசயம்.

“எப்பலேர்ந்து ஜோசியம் பாக்குற?” என்று அண்ணன் சிரித்தான். கை மட்டும் பேன்ட் பைக்குள் போனது.

அண்ணன் ஏசி மெக்கானிக். மாடிச் சுவர்களில் தொங்கும் பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. அந்த உழைப்புதான் அவளைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆக்கியது. வேலை கிடைத்து நாளை வேற்றூர் போகிறவள், அதற்குள் அவனுக்கு ஏதாவது செய்யவேண்டுமென்று நேற்று சாயங்காலம் அவன் பையைக் கவிழ்த்தாள். ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளையர், எல்லாவற்றின் ரப்பர் பிடியும் வெயிலில் விட்ட மிட்டாய்போலப் பிசுபிசுத்தது. சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள், மசியவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தாள். கறுப்புக் கறுப்பாக வந்தது.

“துரைக்கு மூஞ்சியை மட்டும் தேய்க்கத் தெரியும்” என்று திட்டிக்கொண்டே துடைத்து, வழவழவென்று ஆனதும் காயவைத்து அடுக்கினாள்.

இன்று காலை அண்ணன் வேலைக்குக் கிளம்புமுன் மேஜை விசிறியின் திருகை இறுக்கப் போனான். ஸ்குரூடிரைவர் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

“யாருடி இதைக் கழுவச் சொன்னா?”

பிறந்ததிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தாதவன். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் வாயாடிக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்தப் பிசுக்குதான் அவன் விரல்களுக்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் கையைக் காட்டச் சொன்னாள். அவன் தராததால் இழுத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. விரல் நுனியைக் கிள்ளினாள். அவன் முகம் மாறவில்லை.

“மரத்துப் போகும். உதறினா சரியாயிடும்.”

“மாடிச் சுவத்துல தொங்கிக்கிட்டு உதறுவியா?”

“நீ போய்ச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னான்டி” என்றாள் அம்மா. “இப்பவே தெரிஞ்சா நீ போகமாட்டேன்னு நிப்பே.”

“நல்லா இருக்கும்மா உங்க ரெண்டு பேரு கூட்டுச்சதி! என் படிப்புக்கு இவன் கையை அறுத்துக் குடுக்கச் சொல்லி நான் கேட்டேனா?”

கத்தினாளே தவிர, அவன் உள்ளங்கையை விடவில்லை. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அவள் விரல்கள் நசுங்கப் பிடித்த கை. இப்போது அவள்தான் பிடித்திருந்தாள். அவன் பிடியில் அழுத்தமே இல்லை.

“அழாத, வாயாடி. மூக்கு வேற ஏற்கெனவே பெருசு. பையைக் குடு, நேரமாச்சு.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையைத் தன் தோளில் மாட்டினாள்.

“பை ஆஸ்பத்திரிக்குப் போகுது. வேணும்னா அங்க வந்து வாங்கிக்கோ.”

“உனக்கு ரயிலு இருக்குடி!”

“நாளைக்குத்தானே.”

பை அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

“செருப்பாவது போட்டுட்டுப் போடி!” என்றாள் அம்மா.

அவள் நிற்கவில்லை.