ஜீனத்துக்கு மிஞ்சிய ஓரெழுத்து

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது ஜீனத்திடம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் எழுத்து. மா. கால் சரியாகிவிட்டது, கை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்டது, புத்தி முன்பைவிடக் கூர்மை. வாயைத் திறந்தால் மட்டும் மா, மா, மா.

சாதாரண வாயா அது? செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஆறு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள். வீட்டில் உருது, தெருவில் தமிழ், கிரிவலத்துக்கு வரும் ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கு, வெள்ளைக்காரர்களிடம் தானே தைத்துக்கொண்ட ஓர் இங்கிலீஷ். அவளுக்குப் போயா இப்படி வரவேண்டும்? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் மாடியில் குடியிருக்கும் கஸ்தூரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை.

பெங்களூரிலிருந்து அவள் மகன் அப்சல் தினமும் எனக்குப் போன் செய்தான்.

"டீச்சர், பேசவே முடியாதவங்க எப்படி கெஸ்ட் ஹவுஸ் நடத்துவாங்க? பௌர்ணமிக்கு லீவு போட்டு வரேன். எல்லாத்தையும் காலி பண்ணிட்டு அம்மிய இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. கீழே போய் ஜீனத்திடம் சொன்னேன்.

"மா?" என்றாள்.

"ஆமா, இந்த வீட்டத்தான். பூட்டிடுவானாம்."

"மா!" என்றாள். சாவிகள் தொங்கும் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

தமிழில் மா என்றால் மாமரம், மாவு, குதிரை, பெரியது, நிலத்தின் ஓர் அளவு. ஓரெழுத்து ஒருமொழி என்று வகுப்பில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த எழுத்தை நின்று பார்த்தது ஜீனத்தால்தான். இரண்டாம் அறையில் இஸ்ரேல்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய ஹீப்ருவில் மா என்றால் 'என்ன?' ஆகவே வெந்நீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்தவர், ஜீனத் மா என்றதும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் மீண்டும் மா என்றாள். நாலாவது தடவை சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெந்நீர் மறுநாள்தான் வந்தது, ஆனால் கோபம் அன்றைக்கே ஆறிவிட்டது.

ஜப்பானிலிருந்து வந்த மிதோரிக்கு அவளிடம் ரொம்ப மரியாதை. அவர்கள் ஊரில் மா என்பது இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமாம், பாட்டில் ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையே வரும் மௌனமாம். சீனமும் படித்தவள் அந்தப் பெண். அங்கே இதே எழுத்தை ஒரு ராகத்தில் சொன்னால் தாய், இன்னொன்றில் குதிரை, வேறொன்றில் திட்டு என்றாள். குண்டூர்க் குடும்பம் ஒன்று 'மா இல்லு' என்று சொல்லிக்கொண்டு வந்தது. தெலுங்கில் இல்லு என்றால் வீடு, மா என்றால் 'எங்கள்'. இவ்வளவு சின்ன வார்த்தைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களே என்று மலைத்துப்போனேன்.

குழந்தை உதட்டை மூடித் திறந்தால் தானாக வரும் ஒலி இது, அதனால்தான் இத்தனை மொழிகளில் தாய்க்குப் பெயராயிற்று என்று படித்திருக்கிறேன். ஜீனத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதை நானே கண்டுபிடித்தேன். முன்பெல்லாம் எந்த பாஷையில் பேசினாலும் கடைசியில் ஒரு மா ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. வாமா, சாப்டுமா, கம் மா, சிட் மா. தாடி வைத்த ஆறடி ஜெர்மன்காரனும் அவளுக்கு மா தான். அத்தனை வார்த்தைகளையும் அடித்துக்கொண்டு போன நோய், வந்தவர்களை உபசரித்த அந்த வாலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதை நினைத்து அன்று பஸ்ஸில் அழுதேன்.

இதற்குள் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு கூத்து நடந்தது. இங்கே மௌன விரதக்காரர்கள் அதிகம். சட்டையில் 'மௌனம்' என்று அட்டை குத்திக்கொண்டு திரிவார்கள். புதிதாக வந்த சிலர், ஜீனத்தும் அப்படி ஒரு விரதத்தில் இருக்கும் மகான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வராந்தாவில் பூ வைத்தார்கள். காலைத் தொட வந்தார்கள். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டு "மா! மா!" என்று விரட்டினால், கண்ணை மூடிப் பரவசப்பட்டார்கள். யாரோ எடுத்த போட்டோ அப்சலின் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

பௌர்ணமியன்று மத்தியானம் வேனோடு வந்து இறங்கினான்.

"என்ன டீச்சர் இதெல்லாம்? எங்க அம்மிய சாமியாக்கிட்டாங்களா?"

"உள்ள வந்து பாருடா. அப்புறம் கத்து" என்றேன்.

வீடு சந்தைபோல இருந்தது. ஜீனத் குண்டூர்ப் பாட்டியின் தோளைத் தொட்டு, இழுத்த குரலில் ஒரு மா சொன்னாள். பாட்டி படியேறாமல் கீழ் அறைக்கே போனார். தண்ணீர் கேன் பையன் பின்வாசலை மறந்து முன்னால் வந்தான். வெட்டினாற்போல ஒரு மா, கேன் திரும்பிப் போயிற்று. கும்பிட்டு உட்கார்ந்திருந்த பக்தர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து இன்னொரு மா. மனுஷன் அருள் வந்தவர்போல வராந்தா முழுக்கப் பெருக்கினார்.

அப்சல் வெகுநேரம் நின்று பார்த்தான். பிறகு பக்கத்தில் போனான்.

"அம்மி, வேன் நிக்குது. நாளைக்கு நீ விழுந்தா யாரு பார்ப்பா?"

"மாடியில நான் எதுக்குடா இருக்கேன்?" என்றேன்.

ஜீனத் அவனை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மா."

அப்சலுக்கு முகம் சிவந்தது. "டீச்சர், நான் ஸ்கூல் கட் அடிச்சா அம்மி இதே மாதிரிதான் பார்ப்பாங்க. இதே சவுண்டு" என்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் வேன்காரரை அனுப்பிவிட்டு வந்தான்.

"சரி அம்மி. நீ நடத்து. ஒரு வாரம் லீவு இருக்கு, எனக்கு ஒரு ரூம் குடு."

அவள் பலகையைப் பார்த்தாள். ஒரு சாவிகூட இல்லை. உதட்டைப் பிதுக்கி, பெரிய வருத்தத்தோடு "மா" என்று சொல்லி, கூடத்து மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினாள்.

"ரூம் இல்லையாம்" என்றேன்.

"புரியுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அப்சல் பாயை விரித்தான்.