அக்கரைப் பலகாரம்

தீபாவளிக் காலையில் பழவேற்காடு ஏரிக்குள் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தவள் பூவிழி ஒருத்திதான். இரண்டு கையும் சேற்றில், பனையோலைப் பறிக்கூடையின் விளிம்பு பல்லிடுக்கில். அந்தத் தொழில் அப்படி. காலடிக் குழியில் பதுங்கும் இறாலைக் கையால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் பறி சரியும், உயிரோடிருக்கும் இறால் மொத்தமும் தண்ணீருக்குள் குதித்துவிடும். அதனால் ஏரியில் தடவுகிற பெண்ணிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்று, பலகாரம்தான் இல்லை. புருஷன் பெருமாள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். "பறி நெறையட்டும்டா, பஜார்ல பாதுஷா வாங்கித் தரேன்" என்று ஐந்து வயது லோகேஷுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். அவனா அடங்குவான்? புதுச்சட்டையோடு கரை மண்ணில் புரண்டு புரண்டு அழுதான்.

"எம்மா! இவன் கேக்கவே மாட்டேன்றான்," ஒன்பது வயது ஆர்த்தி கரையிலிருந்து கத்தினாள். "அக்கரைக்கு இட்டுனு போறேன். கோமளா அத்த சோமாசி சுட்ருக்குது, வரச் சொல்லிச்சு. திட்டு மேலயே நடந்து போய்ட்டு வந்துட்றோம். இன்னாம்மா, போவட்டா?"

பூவிழிக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. மணல்திட்டின் மேல் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் தினமும் போய்வருகிற வழிதான். ஆனால் ஏரி கடலோடு சேருமிடத்தில் மணல் மூடிக்கிடந்த முகத்துவாரம் முந்தின நாள் மழையில் உடைத்துக்கொண்டது. இனி கடல் ஏறினால் ஏரியும் ஏறும். பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? போகாதே என்று சொல்லத்தான் நினைத்தாள். பறியோ அப்போதுதான் கனக்க ஆரம்பித்திருந்தது. இந்த ஒரு குழி, அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். அடுத்த குழியிலும் இறால் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. நிமிர்ந்தபோது கரையில் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்று தன் மனசுக்குத் தானே பொய் சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தாள், பாவி.

குனிந்திருந்தவளின் மோவாயைத் தண்ணீர் தொட்டபோதுதான் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

பறியைக் கரையில் வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கதவு சாத்தியது சாத்தியபடி இருந்தது. திட்டுப் பக்கம் ஓடினாள். திட்டையே காணோம். அது இருந்த இடத்தில், நடு ஏரியில், தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆர்த்தி நின்றிருந்தாள். அக்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். அவள் வயிற்றுக்கு மேல் தண்ணீர், புதுப் பாவாடை குடை மாதிரி விரிந்து மிதந்தது.

"நவுராதடி! அங்கயே நில்லு! ஐயோ, யாராச்சும் வாங்களேன்!"

ஊரெல்லாம் சரவெடி. தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. படகில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஜெகபர் அலி பாய் மட்டும் திரும்பிப் பார்த்தார். பதறியெழுந்து என்ஜின் கயிற்றை இழுத்தார். இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

"யா அல்லா, இந்நேரம் பார்த்தா படுத்துக்கும்! இரும்மா, வந்துட்றேன்!"

பூவிழி இருக்கவில்லை, பாய்ந்துவிட்டாள். நீச்சல் தெரிந்தவள்தான். ஆனால் வெள்ளத்தின் இழுப்பு அவளைத் திட்டை விட்டுப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. நாலு கை முன்னே போட்டால் மூன்று கை விலகிப்போனாள். ஒரு வார்த்தை, போவாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! காலைக் கீழே விட்டாள். தரை தட்டவில்லை.

லோகேஷுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் பலகாரப் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

"எம்மா! உனுக்கும் குட்த்தாங்க!"

பிறகு ஒரு சோமாசியை எடுத்துப் பாதி கடித்தான். மீதியை, மார்பைத் தாண்டிவிட்ட தண்ணீரில் அசையாமல் நின்ற அக்காவுக்குக் குனிந்து ஊட்டினான். ஆர்த்தி அம்மாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் அதை மென்றாள்.